பழைய சாலைக்கும் ஒரு பெயர்ப்பலகை வேண்டும்

பெங்களூருவிலிருந்து மைசூருவுக்கு இன்று ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடலாம். 2023 மார்ச் 12 அன்று திறந்து வைக்கப்பட்ட விரைவுச்சாலை, ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளத்துக்கு இரு நகரங்களையும் இணைக்கிறது. முன்னர் இதே தொலைவைக் கடக்க மூன்று மணி நேரம் ஆகும். தசரா நாட்களில் அதற்கும் கூடுதலாகும். அவசர ஊர்தியில் செல்லும் நோயாளிக்கும், விடியலில் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தின் மதிப்பு மிகப் பெரிது. ஆகவே புதிய சாலையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

நாம் பேச விரும்புவது, அதன் அருகிலேயே கிடக்கும் பழைய சாலையைப் பற்றி. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய ஊர்களைப் புதிய சாலை புறவழியாகச் சுற்றிச் செல்கிறது. மத்தூரில் மேம்பாலமாக ஊரின் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. ஊர்ப் பெயர்களைப் பச்சைப் பலகைகளில் படித்தபடியே நாமும் கடந்து போகிறோம். நூறாண்டுக்கும் மேலாக வழிப்போக்கரை நம்பி வாழ்ந்த ஐந்தாறு ஊர்கள், ஓராண்டுக்குள் வழியில் இல்லாத ஊர்கள் ஆகிவிட்டன.

ஒரு சாலை திறக்கப்பட்டதன் விளைவை வங்கிப் பணியில் இருப்போர் இரண்டு இடங்களில் காண்கிறோம். ஒன்று, வாகனக் கடன் விண்ணப்பங்கள். மற்றொன்று, சாலையோரக் கடைகளின் நடப்புக் கணக்குகள். முன்னது ஏறும்போது பின்னது இறங்குவது முரணாகத் தோன்றலாம். விரைவுச்சாலை திறந்த சில மாதங்களிலேயே, வியாபாரம் படுத்துவிட்டது என்று சென்னபட்டணத்துப் பொம்மைக் கடைக்காரர்களும் மத்தூர் உணவகத்தாரும் முறையிட்ட செய்திகள் நாளிதழ்களில் வந்தன. இதில் வங்கியின் கணக்கு ஒன்றும் உள்ளது. சிறு நிறுவனங்களுக்கான நடைமுறை மூலதனக் கடன், பொதுவாக எதிர்பார்க்கப்படும் ஆண்டு விற்பனையில் 20 விழுக்காடு என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. விற்பனை குறைந்தால் கடன் வரம்பும் குறையும். கடைக்காரருக்குப் பணம் மிகத் தேவைப்படும் நேரத்திலேயே, கிடைக்கக்கூடிய பணம் சுருங்குகிறது. இதற்கு வட்டி விகிதத்தில் மருந்தில்லை. வாடிக்கையாளர் வந்து வாசலில் நிற்பதே மருந்து.

இந்த நிலையை நமக்கு முன்னரே கண்ட நாடு அமெரிக்கா. சிகாகோவில் தொடங்கி கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா வரை ஏறத்தாழ 3,940 கிலோமீட்டர் நீண்ட ‘ரூட் 66’ என்னும் நெடுஞ்சாலை 1926 நவம்பரில் உருவாயிற்று. முப்பதுகளில் வறட்சியால் நிலமிழந்த உழவர்கள் மேற்கே பிழைப்புத் தேடிச் சென்ற வழி அது. போருக்குப் பின்னர்க் குடும்பங்கள் விடுமுறைக்குக் கார் ஓட்டிச் சென்ற வழியும் அதுவே. பிறகு மாநிலங்களை இணைக்கும் அகன்ற விரைவுச்சாலைகள் வந்தன. அரிசோனா மாநிலத்தின் செலிக்மன் என்னும் சிற்றூரை 1978 செப்டம்பர் 22 அன்று புதிய சாலை விலக்கிச் சென்றது. அதற்கு முந்தைய நாள் வரை இடைவிடாது வண்டிகள் ஓடிய தெரு மறுநாள் வெறிச்சோடியது. 1985இல் ரூட் 66 நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

அவ்வூரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோ என்பவர் மற்ற வணிகர்களைக் கூட்டி, 1987இல் ஒரு சங்கம் அமைத்தார். புதிய சாலையை மூடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பழைய சாலைக்கு ‘வரலாற்றுச் சாலை’ என்ற பெயரையும் அதற்குரிய பலகைகளையும் கேட்டார்கள். மாநில அரசு அதே ஆண்டில் இசைந்தது. பலகை வந்தது, பலகையைப் பார்த்து மக்கள் வந்தார்கள், மூடிய விடுதிகள் சில மீண்டும் திறந்தன. 1999இல் அமெரிக்க நாடாளுமன்றம் இச்சாலைக்கெனவே ஒரு பாதுகாப்புத் திட்டத்தைச் சட்டமாக்கியது. பழைய தங்கும் விடுதியின் ஒளிவிளக்குப் பலகையைப் பழுது பார்ப்பதற்குக்கூட, உரிமையாளரும் ஒரு பங்கு போடவேண்டும் என்ற நிபந்தனையோடு, அத்திட்டத்தில் நிதி வழங்கப்பட்டது. முழுவதும் இனாமாகக் கொடுக்காமல் பங்குத் தொகை கேட்டதை, வங்கியர் என்ற முறையில் நாம் பாராட்டவே செய்வோம்.

அந்நாட்டில் 1991 முதல் காட்சிவழிச் சாலைகளுக்கென ஒரு தேசியத் திட்டமும் உண்டு. இயற்கை, வரலாறு, பண்பாடு, தொல்லியல், பொழுதுபோக்கு, எழில் ஆகிய ஆறு இயல்புகளில் ஒன்றேனும் ஒரு சாலைக்கு இருக்கவேண்டும். வட்டார மக்களே முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். புளூ ரிட்ஜ் பார்க்வே என்னும் மலைச்சாலையில் சரக்கு வாகனங்களுக்கு இடமில்லை. வேகமும் பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. மெதுவாகச் செல்வதற்கென்றே 1935இல் தொடங்கி 1987 வரை ஒரு சாலை அமைத்திருக்கிறார்கள்! வேகத்துக்குப் பெயர்போன நாடு அது.

சாலைக்குப் பெருமை சேர்ப்பது நமக்கும் புதிதன்று. பெங்களூருவிலிருந்து சேலம் செல்வோர் தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைக் காணலாம். ‘அதியமான் பெருவழி’ என்ற சாலையின் பெயரும், நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்ற தொலைவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாதவரும் அறியும்படி அந்த எண்ணைக் குழிகளாகவும் வெட்டிக் காட்டியிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சாலைக்குப் பெயர் இருந்தது, பலகையும் இருந்தது. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கிய சாலைகளும் சத்திரங்களும் இன்றும் தென்மாவட்டங்களில் உள்ளன. தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நம் முன்னோர். இன்றைய நெடுஞ்சாலையில் இளைப்பாறும் இடத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. அதுவும் தேவைதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் பங்குகொள்ளும் வலிமை மத்தூர் வடை சுடுபவருக்கு இல்லை.

இனி, பழைய மைசூரு சாலையில் ஒரு முறை போய் வருவோம். முழு நீளத்துக்கும் அது தனிச்சாலையாக இன்று இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் பழைய சாலையின் மேலேயே விரைவுச்சாலை அகலப்படுத்தப்பட்டு, இரு பக்கமும் சேவைச் சாலைகள் ஓடுகின்றன. ஊர்களை ஒட்டிய பகுதிகளில்தான் பழைய வழி தன் உருவத்தோடு எஞ்சியுள்ளது. கெங்கேரியைத் தாண்டிச் சேவைச் சாலையில் இறங்கினால் ஊருக்கு ஊர் தொடர்ந்து செல்லலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் அனுமதியில்லை. ஆகையால் இவ்வழியில் நமக்குத் துணை அவர்களே.

பிடதியில் தட்டே இட்லி. தட்டு அளவுக்கு அகலமாக வேகவைத்து, மேலே வெண்ணெய் வைத்துத் தருவார்கள். காலை எட்டு மணிக்குள் அங்கே இருப்பது நன்று. அடுத்தது ராமநகரம். மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடென்டாக இருந்த பாரி குளோஸ் என்பவரின் பெயரால் குளோஸ்பேட்டை என்று அழைக்கப்பட்ட ஊர் இது. 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ படத்தின் பாறைகள் ராமதேவர பெட்டா என்னும் இக்குன்றைச் சேர்ந்தவை. படப்பிடிப்புத் தளத்துக்குச் செல்ல நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சாலையே போட்டார்கள். அக்குன்று இன்று பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம். திரைப்படத்தை விடவும் காணத்தக்கது ஊருக்குள் இருக்கும் பட்டுக்கூடுச் சந்தை. ஆசியாவின் பெரிய பட்டுக்கூடுச் சந்தைகளுள் ஒன்று. தட்டுகளில் கொட்டிக் குவித்த மஞ்சளும் வெள்ளையுமான கூடுகள், குனிந்து அள்ளிப் பார்க்கும் நூற்பாளர்கள், ஏலம் முடியும்வரை முகம் காட்டாத உழவர்கள். காஞ்சிபுரத்துப் புடவையின் தொடக்கம் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் இங்கே அழைத்து வந்து காட்டலாம்.

சென்னபட்டணத்தில் நாம் சற்று அதிக நேரம் நிற்கவேண்டும். இங்கே பொம்மை செய்யப் பயன்படுவது பாலை மரம். வெண்மையும் மென்மையும் உடையது. கடைசல் இயந்திரத்தில் மரத்துண்டைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கிறார்கள். பிறகு நிறமேற்றிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. காய்ந்த தாழை மடலால் அழுத்தித் தேய்க்க, மெருகு ஏறுகிறது. தூரிகையும் இல்லை, வண்ணப்பூச்சு உலரக் காத்திருப்பதும் இல்லை. ஒரு பம்பரம் சில நிமிடங்களில் உருவாகிவிடுகிறது. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குரிய கைப்பக்குவம் வரப் பல ஆண்டுகள் ஆகும். புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் இது. குறியீட்டால் போலிகளுக்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கிறது; வாங்குபவரைக் கடைக்கு அழைத்து வருவது அதன் வேலையன்று. கைவினைஞருக்கான பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17இல் தொடங்கப்பட்டது. அதன் 18 தொழில்களில் மரபுவழிப் பொம்மை செய்தலும் ஒன்று. பிணையில்லாமல் முதற்கட்டமாக 1 இலட்சமும், அதை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியபின் 2 இலட்சமும், 5 விழுக்காடு வட்டியில் பெறலாம். கடைசல் இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் இது உதவும். செய்த பொம்மைகள் அலமாரியில் தங்கிவிட்டால், தவணை எங்கிருந்து வரும்?

எனவேதான், சென்னபட்டணத்தில் ஒரு பொம்மை வாங்குவதை நாம் தருமமாகக் கருதுவதில்லை. அது நியாயமான வியாபாரம். விலையில் பேரம் பேசுவதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் நம் கருத்து. விரைவுச்சாலையில் மிச்சமாகும் நேரத்துக்குச் சுங்கம் செலுத்துகிறோம். யாரும் அங்கே பேரம் பேசுவதில்லை.

மத்தூரில் வடை. தட்டையும் அன்று, நாம் அறிந்த மெதுவடையும் அன்று. ரவை, அரிசி மாவு, மைதா மூன்றையும் வெங்காயம், கறிவேப்பிலையோடு பிசைந்து தட்டிப் பொரித்தது. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையில் பிறந்து, இரயிலோடும் சாலையோடும் பெயர் பெற்ற பண்டம். ஓர் ஊரின் பெயரை ஒரு வடை காப்பாற்றி வைத்திருப்பது அபூர்வம். மண்டியாவில் காவிரிப் பாசனக் கரும்பும், 1933இல் தொடங்கிய மைசூர் சர்க்கரை ஆலையும், சாலையோரம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டில்களும் உண்டு. நேரமிருப்பவர்கள் அங்கிருந்து மேல்கோட்டைக்குத் திரும்பலாம். இராமாநுசர் பல்லாண்டுகள் தங்கியிருந்த திருநாராயணபுரம் அதுவே. தமிழ்ப் பாசுரங்கள் இன்றும் ஓதப்படும் கன்னட நாட்டுத் திருத்தலம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. காவிரியின் மூன்று தீவுகளில் ஆதிரங்கம் இது, நடுரங்கம் சிவனசமுத்திரம், கடைசி ரங்கம் நம் திருவரங்கம். 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த கோட்டையையும், 1784இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையையும் பலர் பார்த்திருப்பார்கள். திவான் பூர்ணையா காலத்தில் 1804இல் கட்டி முடித்த வெல்லெஸ்லி பாலத்தைப் பார்த்தவர்கள் குறைவு. வளைவுகளின்றி, வரிசை வரிசையான கற்றூண்களின் மேல் நிற்கும் பாலம். நெடுஞ்சாலையின் வரலாறு என்று ஒன்று இருக்குமானால் அதன் முதல் பக்கம் இங்கேதான் இருக்கிறது. மைசூருக்கான வண்டிகள் அதன் அருகிலேயே விரைந்து போகின்றன. திரும்பிப் பார்க்கச் சொல்லும் பலகை நம் கண்ணில் படவில்லை.

இவ்வளவும் ஒரு நாளில் கூடுமா? கூடாது. பயணத்தைத் திட்டமிடுவதில் நாம் கைக்கொள்ளும் முறை எளிது. போகும்போது பழைய சாலை, திரும்பும்போது விரைவுச்சாலை. கைப்பேசி வரைபடத்தில் சுங்கமில்லா வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சில இடங்களில் அது நம்மை மீண்டும் விரைவுச்சாலையில் ஏற்றிவிடும். ஆகவே மைசூரு என்று ஒரே இலக்கைக் கொடுக்காமல், அடுத்த ஊரை மட்டும் இலக்காகக் கொடுத்துச் செல்வது நலம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் இரண்டு ஊர்களை நன்றாகப் பார்க்கலாம். நான்கு ஊர்களைப் பார்க்க நினைத்தால் ஒன்றையும் பார்க்க முடியாது. திரும்பும் வழிக்கு ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். 2025 ஆகஸ்ட் 15 அன்று தனியார் கார்களுக்கு 3,000 ரூபாயில் ஆண்டு அட்டை அறிமுகப்படுத்தப்பட்டது. ஓராண்டு அல்லது 200 சுங்கக் கடப்புகள், எது முன்னர் முடிகிறதோ அதுவரை செல்லும். அடிக்கடி ஊர் செல்வோருக்கு இது இலாபமே. பழைய சாலைக்கு வேறொரு பணம் வேண்டும்: பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள். யுபிஐ எங்கும் உண்டு என்றாலும், கூட்ட நேரத்தில் சமிக்ஞை கிடைக்காத கடை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த அறிவுரையின் அருமை தெரியும்.

தனிப்பட்ட பயணிகள் மனம் வைத்தால் மட்டும் போதாது. அரசும் நெடுஞ்சாலைகள் ஆணையமும் செய்யவேண்டியவை உள்ளன. கோடிகள் தேவைப்படும் வேலைகள் அல்ல அவை. பழைய வழியை ‘மரபுச் சாலை’ என அறிவிக்கலாம். விரைவுச்சாலையின் ஒவ்வொரு இறங்குவழியிலும், ஊர்ப் பெயரோடு அவ்வூரின் சிறப்பையும் அது எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதி வைக்கலாம். இளைப்பாறு மையங்களில் சில கடைகளை வட்டாரக் கைவினைஞருக்கும் உணவகத்தாருக்கும் குறைந்த வாடகையில் ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கிய கடைக்கு முத்ரா கடன் கேட்டு ஒருவர் வந்தால், எதிர்பார்க்கும் விற்பனைக்கு அவரிடம் நல்லதோர் ஆதாரம் இருக்கும். எம்மைப் போன்றோர் கையெழுத்திடவும் தயங்கவேண்டியதில்லை.

உலகெங்கும் சாலை மாறும், கடைகளும் சாலையோடு மாறட்டும் என்பார் உண்டு. இளைஞர் சிலர் விரைவுச்சாலையோரத்தில் கடையை மாற்றித் தப்பியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. எனினும் பட்டுக்கூடுச் சந்தையை மாற்ற இயலாது. கற்பாலத்தை மாற்ற இயலாது. தெருவெல்லாம் பரவிக் கிடக்கும் கடைசல் பட்டறைகளையும் மாற்ற இயலாது. மாறக்கூடியவர் மாறியபின் மிஞ்சுபவரைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

மைசூரு சாலையில் இவை காலம் தாழ்ந்த யோசனைகளாக இருக்கலாம். கிழக்கே இன்னொரு சாலையில் இன்னும் காலம் இருக்கிறது. அல்சூரில் தொடங்கும் பழைய மதராஸ் சாலை, பெங்களூருத் தமிழர்களின் குடும்ப வரலாற்றில் இடம்பெற்ற சாலை. கண்டோன்மென்ட் கட்டப்பட்ட காலந்தொட்டு நம் மக்கள் வந்த வழிகளுள் இது முதன்மையானது. ஒசகோட்டை, கோலார், முல்பாகல், பலமனேர், சித்தூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் என்று மூன்று மாநிலங்களைத் தொட்டுச் செல்கிறது. கோலாரம்மா கோயிலின் சுவர்களில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கலாம். சற்றுத் திரும்பினால் கோலார் தங்கவயல். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கித் தங்கம் எடுத்த தமிழ்த் தொழிலாளரின் ஊர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், சயனைடு மண்மேடுகளும் காலனி வீடுகளும் அதிகாலையில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் ஏறும் இரயிலும் அங்கே மிஞ்சின. முல்பாகல் அருகே குருடுமலையில் ஒரே கல்லில் வடித்த பெரிய பிள்ளையார். முல்பாகலில் நெய் மணக்கும் தோசை.

இச்சாலையிலிருந்து விலகி, ஒசகோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளத்தில் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை உருவாகி வருகிறது. கர்நாடகப் பகுதியில் வண்டிகள் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டன. மற்ற இரு மாநிலங்களிலும் பணி நடக்கிறது. முழுச் சாலையும் திறந்துவிட்டால் சென்னைக்குச் செல்லும் கார்களுள் எத்தனை முல்பாகலில் தோசைக்கு நிற்கும்? இறங்குவழிப் பலகைகளில் என்ன எழுதுவது, இளைப்பாறு மையக் கடைகளை யாருக்குக் கொடுப்பது என்பவற்றை இப்போதே முடிவு செய்யலாம். கோலார், சித்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களின் வணிகர் சங்கங்கள் ஒன்றாக அமர்ந்து ஒரு விண்ணப்பம் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். அந்த விண்ணப்பத்தோடு கணக்கு விவரங்களை இணைக்கவேண்டுமாயின், எந்தக் கிளையிலும் கேட்டுப் பெறலாம்.